‘க்வைட்’, ‘பிரிட்டி’, ‘கைண்ட் ஆஃப்’: ஆங்கிலப் பேச்சில் அளவு குறிக்கும் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர்ப் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைக்குச் செல்லும் தமிழர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். சேலம், தருமபுரி, திருநெல்வேலி எனப் பல ஊர்களிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் வேலை தேடி வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் இலக்கணப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள். ‘ஓரளவு’, ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’ என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலம் நீட்டுகின்ற பத்துப் பன்னிரண்டு சொற்களுள் எதை எடுப்பது என்பதில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் தந்த விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபேர்லி, க்வைட், பிரிட்டி, ராதர் ஆகிய நான்கையும் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கித் தர முடியுமா?

அடுக்கலாம், ஃபேர்லியைக் கீழ்ப்படியிலும் மற்ற மூன்றையும் அதற்குச் சற்று மேலேயும் வைப்பது வழக்கம். ஆனால், அந்த ஏணியை மனப்பாடம் செய்தவர்கள்தாம் பேச்சில் அதிகம் தவறுகிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். இச்சொற்கள் எவ்வளவு என்பதை மட்டும் சொல்வதில்லை; அந்த அளவு பேசுபவருக்கு உவப்பானதா, எதிர்பாராததா, சலிப்பூட்டுவதா என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

பெங்களூரின் ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ‘இட் இஸ் ஃபேர்லி வார்ம் டுடே’ என்பவர், வெயில் இதமாக இருக்கிறது என்கிறார். துணி உலர்த்த நினைப்பவர் அப்படிச் சொல்லக்கூடும். ‘இட் இஸ் ராதர் வார்ம் டுடே’ என்பவருக்கோ புழுக்கம் பிடிக்கவில்லை. இருவர் கையிலும் வெப்பமானியைக் கொடுத்தால் அது ஒரே எண்ணைத்தான் காட்டும். இதனால்தான் ஃபேர்லி நல்ல பண்புகளோடும், ராதர் குறையைச் சுட்டும் சொற்களோடும் மிகுதியாகச் சேர்கின்றன. ராதர் நல்ல பண்போடு சேரும்போது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்ற வியப்பு கலக்கிறது: ‘தி ஃபுட் வாஸ் ராதர் குட்’. அமெரிக்கரின் அன்றாடப் பேச்சில் ராதர் சற்று விறைப்பாக ஒலிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டி இத்தகைய சார்பு எதுவும் இல்லாதது. ‘பிரிட்டி குட்’, ‘பிரிட்டி பேட்’ இரண்டும் ஒன்றுபோல் இயல்பானவை. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அது பேச்சுமொழிச் சொல்லாகவே இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாத நேரத்தில், உரையாடலில் பிரிட்டியை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தமிழுக்கு இது புதிதன்று. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறையும் நம் இலக்கண நூலார் ‘மிகுதி’ என்ற ஒரே பொருளின் கீழ் வைத்தனர். ஆயினும் ‘சாலச் சிறந்தது’ என்பதில் சாலவை எடுத்துவிட்டுக் கழியை வைத்தால் காது ஏற்பதில்லை. ‘கழிபேருவகை’யில் கழிக்குப் பதிலாகக் கூரை வைத்தாலும் அப்படியே. பொருள் ஒன்றாக இருந்தும், எச்சொல் எச்சொல்லோடு சேரும் என்பதை வழக்கு முடிவு செய்கிறது. ஆங்கிலத்திலும் தனிச்சொல்லைப் படிக்காமல் சேர்க்கையைப் படிக்க வேண்டும்.

லண்டனிலிருக்கும் மேலாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு ‘க்வைட் குட்’ என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி அடையலாமா?

இதே சொல்லை அமெரிக்கர் எழுதியிருந்தால், தயங்காமல் மகிழலாம். அவர்களுடைய வழக்கில் க்வைட் பெரும்பாலும் ‘வெரி’யை ஒட்டி நிற்கிறது. பிரித்தானியர் எழுதும்போது அது ‘ஓரளவு நன்று’ என்ற அளவில் நின்றுவிடுவது மிகுதி. ஒரே சொல் இரு நாடுகளில் இரு பொருள் தருவதால், இரு நாட்டாரோடும் பணிபுரியும் பெங்களூர் அலுவலகங்களில் இது பெருங்குழப்பம் விளைவிக்கிறது.

பிரித்தானியப் பேச்சில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘குட்’ என்பதில் அழுத்தம் விழுந்தால் பாராட்டு கூடுகிறது. ‘க்வைட்’ என்பதில் அழுத்தம் விழுந்தால், அதன் பின்னால் சொல்லப்படாத ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது. நம் வீடுகளில் இதைத் தினமும் கேட்கிறோம். சாம்பாரைச் சுவைத்த மாமியார் ‘நல்லாவே இருக்கு’ என்றால் சமைத்தவர் நிம்மதியடைவார். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று இழுத்தால், உப்போ புளியோ குறித்து அடுத்த வாக்கியம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். நாம் ஏகாரத்தையும் ‘தான்’ என்பதையும் கொண்டு செய்வதை அவர்கள் குரலழுத்தத்தால் செய்கிறார்கள். மின்னஞ்சலில் குரல் கேட்பதில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். ஆகவே மேலாளர் அடுத்து என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். திருத்தங்கள் வரிசையாக வந்தால், அது ‘நல்லாத்தான் இருக்கு’.

இன்னொன்றும் உண்டு. கூடுதல் குறைவுக்கு இடமில்லாத சொற்களோடு சேரும்போது, க்வைட் இரு நாடுகளிலும் ‘முற்றிலும்’ என்றே பொருள்படும். ‘க்வைட் இம்பாசிபிள்’ என்பது முற்றிலும் இயலாதது. ‘க்வைட் ரைட்’ என்பது முழுக்கச் சரி. ‘நாட் க்வைட் ரெடி’ என்றாலோ, ஏறத்தாழ ஆயத்தம், இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

‘கைண்ட் ஆஃப்’, ‘சார்ட் ஆஃப்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பொருளில் வேறுபாடு இல்லை. முன்னது அமெரிக்க வழக்கிலும் பின்னது பிரித்தானிய வழக்கிலும் மிகுதி. வேகமான பேச்சில் இவை ‘கைண்டா’, ‘சார்ட்டா’ என்று குறுகும். அலுவல் மின்னஞ்சலில் அவ்வாறு எழுத வேண்டாம்.

நான் வலியுறுத்துவது வேறொன்று. இவற்றை ‘கொஞ்சம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வதால்தான் பிழை வருகிறது. கைண்ட், சார்ட் இரண்டுமே ‘வகை’ என்று பொருள்படும் பெயர்ச்சொற்கள்; அவற்றிலிருந்து வந்த இத்தொடர்களுக்கு மிக நெருங்கிய தமிழ் ‘ஒரு மாதிரி’ என்பதே. ‘ஒரு மாதிரி நீலம்’ என்கிறோம். நீலம் என்ற சொல் முழுதும் பொருந்தவில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை என்பதால் அப்படிச் சொல்கிறோம். ‘இட்ஸ் கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்பதும் அதுவே. சொல் பொருந்துகிறதா என்ற ஐயத்தைத்தான் இத்தொடர்கள் முதலில் காட்டுகின்றன. அளவு அதற்குப் பின்னரே வருகிறது.

ஆகையால், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கப்படும் கூட்டத்தில் ‘ஐ ஆம் கைண்ட் ஆஃப் டன்’ என்று சொல்வது நல்லதன்று. முடிந்ததா இல்லையா என்பதிலேயே உங்களுக்குத் தெளிவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றால் ‘பிரிட்டி மச் டன்’ என்று சொல்லுங்கள். அதற்கு, எஞ்சியிருப்பது பொருட்படுத்தத் தக்கதன்று என்று பொருள்.

வினைச்சொல்லுக்கு முன் வரும் திறன் இத்தொடர்களுக்கு உண்டு: ‘ஐ கைண்ட் ஆஃப் லைக் இட்’. பிரிட்டிக்கும், அளவுப் பொருளில் வரும் ஃபேர்லிக்கும் அது இல்லை. ‘ஐ பிரிட்டி லைக் இட்’ என்பது பிழை. ‘தட்ஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ’ என்ற நன்றிச் சொல்லில் வருவது அன்பு என்ற பொருளுடைய வேறு கைண்ட். இதனோடு தொடர்புபடுத்திக் குழம்ப வேண்டாம்.

‘டூ குட்’ என்று பாராட்டுவது தவறு என்கிறார்களே?

இந்தியர்களுக்குள் அது பாராட்டாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. அதைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது தவிர்ப்பது நல்லது. என்னிடம் பயின்ற ஒருவர் ‘தி ரெஸ்பான்ஸ் டைம் இஸ் டூ குட்’ என்று பெருமையாக எழுதியதற்கு, ‘அப்படியானால் அளவீட்டில் ஏதோ பிழையா?’ என்று பதில் வந்தது. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று அந்த வாடிக்கையாளர் புரிந்துகொண்டிருக்கிறார்.

இப்பிழையின் வேர் நம் ‘ரொம்ப’வில் இருக்கிறது. ‘நிரம்ப’ என்பதே பேச்சில் ரொம்ப ஆயிற்று. பெங்களூரில் நாம் நாள்தோறும் கேட்கும் கன்னடத் ‘தும்பா’வும் நிரம்புதல் என்னும் பொருளுடைய ‘தும்பு’ என்ற வினையிலிருந்து வந்ததுதான். இரு மொழிகளும் பாத்திரம் நிரம்புவதைக் கொண்டே மிகுதியைச் சொல்கின்றன. நிரம்பிய பாத்திரத்துக்கும் வழியும் பாத்திரத்துக்கும் ரொம்ப என்ற ஒரே சொல் நமக்குப் போதும். ‘காபி ரொம்பச் சூடா இருக்கு’ என்பது மகிழ்ச்சியா குறையா என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் நிரம்பியதற்கு ‘வெரி’ என்றும் வழிவதற்கு ‘டூ’ என்றும் இரு சொற்களை வைத்திருக்கிறது. டூவைக் கேட்டவுடன், அதனால் எதுவோ நடக்காமல் போயிற்று என்று ஆங்கிலேயரின் மனம் எதிர்பார்க்கும்: சூடு மிகுந்ததால் குடிக்க முடியவில்லை, விலை மிகுந்ததால் வாங்க முடியவில்லை என்பதைப் போல.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது இவ்வேறுபாடு பணமாகவே தெரியும். வீட்டு உரிமையாளரிடம் ‘தி ரென்ட் இஸ் வெரி ஹை’ என்றால், அது ஒரு கருத்து. ‘டூ ஹை’ என்றால் இந்த வீடு எனக்கு ஒத்துவராது என்று பொருள். பேச்சு அங்கேயே முடியக்கூடும். ‘எ பிட் ஹை’ என்றால், குறைத்தால் எடுத்துக்கொள்வேன் என்று பொருள். பேரம் பேச விரும்புபவர் மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று நன்றி சொல்வது ஆங்கிலேயரின் வழக்கமே. ‘நாட் டூ பேட்’ என்பதிலும் டூவுக்கு மிகை என்ற பொருள் இல்லை. ‘பரவாயில்லை’ என்பதே அதன் பொருள்.

‘எ பிட்’டை எந்தச் சொல்லோடும் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது. ‘எ பிட் ஸ்லோ’, ‘எ பிட் எக்ஸ்பென்சிவ்’ எனக் குறைகளோடு அது இயல்பாகச் சேரும். ‘எ பிட் பியூட்டிஃபுல்’ என்றால் விசித்திரமாக ஒலிக்கும். ஒப்பீடு வந்துவிட்டால் இத்தடை நீங்கிவிடும்: ‘எ பிட் பெட்டர்’, ‘எ பிட் சீப்பர்’ இரண்டும் சரி. பெயர்ச்சொல்லைத் தழுவிய பெயரடைக்கு முன் அது வராது என்பதையும் கவனியுங்கள். ‘தி ஃப்ளாட் இஸ் எ பிட் எக்ஸ்பென்சிவ்’ என்பது சரி. ‘எ பிட் எக்ஸ்பென்சிவ் ஃப்ளாட்’ என்பது பிழை. அங்கே ‘எ ராதர் எக்ஸ்பென்சிவ் ஃப்ளாட்’ என்று மாற்ற வேண்டும்.

இச்சொல்லுக்குக் ‘கடித்தெடுத்த துண்டு’ என்பது பழைய பொருள். அளவைச் சிறிதாக்குவதாகத் தோன்றினாலும், அலுவலகப் பேச்சில் பெரும்பாலும் குறையின் கூர்மையை மழுக்கவே பயன்படுகிறது. பெங்களூரின் அடையாளமாகிவிட்ட ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்ற கன்னடத் தொடரில் ஸ்வல்ப என்பது எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை, பேருந்தில் நாம் சொல்லும் ‘கொஞ்சம் நகருங்க’ என்பதும் அப்படியே. பிரித்தானிய மேலாளர் ‘ஐ ஆம் எ பிட் டிசப்பாயின்டட்’ என்றால், ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். மரியாதைக்காகச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார்.

எதிர்மறையில் மட்டும் ‘எ பிட்’, ‘எ லிட்டில்’ இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. ‘நாட் எ பிட் சர்ப்ரைஸ்டு’ என்றால் துளியும் வியப்பில்லை. ‘நாட் எ லிட்டில் சர்ப்ரைஸ்டு’ என்றால் மிகுந்த வியப்பு.

‘க்வைட் எ ஃபியூ’ என்றால் மிகச் சிலவா?

இல்லை, கணிசமான எண்ணிக்கை என்று பொருள். ‘க்வைட் எ பிட்’ என்பதும் கணிசமான அளவையே குறிக்கும். சொற்களைத் தனித்தனியே மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘தேர் ஆர் க்வைட் எ ஃபியூ பக்ஸ்’ என்று எழுதிய சோதனையாளர், மென்பொருளில் குறைகள் நிறைய இருக்கின்றன என்றுதான் எச்சரிக்கிறார்.

‘வெரி பெட்டர்’ ஏன் பிழை? அதற்கு மாற்று என்ன?

ஒப்பீட்டு வடிவத்தின் முன் வெரி, பிரிட்டி, ஃபேர்லி மூன்றும் வருவதில்லை. எழுத்தில் ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’ என்றும், பேச்சில் ‘எ லாட் பெட்டர்’, ‘வே பெட்டர்’ என்றும் சொல்ல வேண்டும். இந்த ‘வே’ வழி என்ற பொருளில் வரவில்லை. தொலைவைக் குறிக்கும் ‘அவே’ என்ற சொல்லின் குறுக்கம் அது. எனவே ஒன்றை இன்னொன்று வெகுதூரம் கடந்துவிட்டது என்னும்போது பொருந்துகிறது. ‘வே டூ எக்ஸ்பென்சிவ்’ என்பதிலும் அதே பொருள்தான். அமெரிக்கச் சாயலும் இளமையும் கொண்ட சொல் இது, நேர்காணலில் வேண்டாம்.

‘க்வைட் பெட்டர்’ என்பதைக் கேட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: பிரித்தானியர் அதை உடல்நலத்துக்கு மட்டும் சொல்கிறார்கள். நோயிலிருந்து முழுதும் தேறிவிட்டேன் என்று அதற்குப் பொருள்.

‘வெரி எக்ஸாஸ்டட்’ என்று எழுதினால் ‘ரியலி’ என்று திருத்துகிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா?

எக்ஸாஸ்டட் என்ற சொல்லிலேயே களைப்பின் எல்லை இருக்கிறது. எல்லையை எட்டிய சொல்லை வெரியால் மேலும் உயர்த்த முடியாது. டயர்டு என்பதற்கு வெரி, எக்ஸாஸ்டட் என்பதற்கு அப்சல்யூட்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரியலி இரண்டோடும் சேரும். எனவே ஐயம் வந்தால் அதுவே பாதுகாப்பானது. வெரி என்ற சொல்லும் பழைய பிரெஞ்சு மொழியில் ‘உண்மையான’ என்று பொருள்பட்ட சொல்லின் வழிவந்ததே. நாளடைவில் உண்மைப் பொருள் தேய்ந்து மிகுதி மட்டும் எஞ்சியது. ரியலியில் உண்மை இன்னும் சிறிது ஒட்டியிருக்கிறது. ‘நெசமாவே நல்லா இருக்கு’ என்று நாம் சொல்வதும் அதே வழியில்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் இச்சொற்களைப் பயன்படுத்தலாமா?

பேச்சுப் பகுதியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துப் பகுதியில் பிரிட்டி, கைண்ட் ஆஃப், எ பிட், எ லாட், வே அனைத்தையும் விலக்குங்கள். வரைபடத்தை விளக்கும்போது ஸ்லைட்லி, கன்சிடரப்ளி, சிக்னிஃபிகன்ட்லி ஆகியவை பொருந்தும்.

‘ஐ ரியலி டோன்ட் லைக் பிரிஞ்சால்’ என்று அலுவலகத் தோழியின் தாயாரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் மென்மையாகத்தானே மறுத்தேன்?

நீங்கள் சொல்ல நினைத்தது ‘அவ்வளவாகப் பிடிக்காது’. சொன்னது ‘சுத்தமாகப் பிடிக்காது’. ரியலி எங்கே நிற்கிறது என்பதே காரணம். ‘டோன்ட் ரியலி’ என்று எதிர்மறைக்குப் பின் நின்றால், எதிர்மறை ரியலியின் மேல் விழுந்து மறுப்பு தணிகிறது. ‘ரியலி டோன்ட்’ என்று முன் நின்றால், ரியலி எதிர்மறையின் மேல் ஏறி மறுப்பைக் கூர்மையாக்குகிறது. தமிழில் இரண்டு வெவ்வேறு சொற்களால் செய்வதை ஆங்கிலம் ஒரே சொல்லை இடம் மாற்றிச் செய்துவிடுவதால், நன்கு ஆங்கிலம் அறிந்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள்.

அந்தத் தாயாரிடம் அடுத்த முறை ‘ஐ டோன்ட் ரியலி ஈட் பிரிஞ்சால், பட் தி ரசம் இஸ் ரியலி குட்’ என்று சொல்லுங்கள். ரசம் உண்மையிலேயே நன்றாக இருந்தால் மட்டும்.